இருப்புப் பதிவேட்டில் இல்லாத கடல்

விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக நான் மதுரையில் இருந்த வாரத்தில்தான் அந்தக் குழாய்களை வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். 2019, மே மாதம். திரும்பி வந்து துறையின் பின்கட்டு அறையைத் திறந்ததும் புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. இரும்பு அடுக்குகள் இல்லை. அவற்றில் படுக்கை வசமாக அடுக்கியிருந்த 27 பி.வி.சி. குழாய்களும் இல்லை.

ஆய்வக உதவியாளரிடம் கேட்டேன். "புது கம்ப்யூட்டர் லேப் வருதுல்லா மேடம். உள்ள இருந்தது வெறும் சேறுதானே, அதுவும் காஞ்சு போயிட்டு. ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால போட்டிருக்கோம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொன்னதைச் செய்தவர் அவர்.

ஷெட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். குழாய்களை நெடுக்காகப் பிளந்து வேப்பங்கன்றுகளுக்குத் தண்ணீர் ஓடும் வாய்க்காலாகப் போட்டிருந்தார்கள். உள்ளிருந்த சேறு வெடித்து, செங்கல் துண்டுகள் போலக் கிடந்தது. எது மேல், எது அடி, எந்தத் துண்டு எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. கிளறியதில் ஒரே ஒரு பிளாஸ்டிக் மூடி கிடைத்தது. அதில் அழியாத மையில் என் கையெழுத்து: "பு.கா. 11, மேல்". பக்கத்தில் ஒரு அம்புக்குறி.

பு.கா. என்றால் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் ஊர். அந்த முகத்துவாரத்துக்கு எதிரே, 8 பாகம் ஆழத்திலிருந்து 40 பாகம் ஆழம் வரை, கடலின் அடித்தரையில் குழாய் இறக்கி 1994-ல் நாங்கள் எடுத்துவந்த சேறு அது.

பாகம் என்றால் என்னவென்று கடற்கரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: இரண்டு கைகளையும் விரித்தால் வரும் நீளம், ஏறத்தாழ 1.8 மீட்டர். என் தாத்தா தூத்துக்குடி தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக, இருந்தவர். வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போய்வந்தவர். ஆழம் பார்க்கக் கயிற்றில் ஒரு ஈயக்குண்டு வைத்திருப்பார். குண்டின் அடியில் சிறு குழி. அதில் மாட்டுக்கொழுப்பை அப்பி இறக்குவார். மேலே வரும்போது கொழுப்பில் அடித்தரையின் மண் ஒட்டியிருக்கும். அதை விரலால் தேய்த்துப் பார்ப்பார், முகர்வார், சில நேரம் நாக்கில் வைப்பார். சேற்றுத் தரையா, மணலா, கடலடிப் பாறையான பாரா என்று தெரிந்துவிட்டால் தோணி எங்கே நிற்கிறது என்றும் தெரிந்துவிடும். நான் பின்னாளில் புவியியல் படித்துச் செய்த வேலையும் அதேதான். அவர் தோணி எந்த இடத்தில் நிற்கிறது என்று சேற்றிடம் கேட்டார். நான் எந்தக் காலத்தில் நிற்கிறது என்று கேட்டேன்.

வாடகைக்குப் பிடித்த விசைப்படகில்தான் போவோம். டீசல் செலவு பாதி எங்களுடையது. ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாய், அதற்குள் பி.வி.சி. குழாய், தலையில் ஈயப் பாரம், வாயில் பூவிதழ் போல வெட்டிய தகடு. கீழே போகும்போது இதழ் விரிந்து சேற்றை உள்ளே விடும். மேலே இழுக்கும்போது மூடிக்கொள்ளும். வின்ச்சில் இழுத்து மேல்தளத்துக்கு வந்ததும் குழாயைச் சாய்க்காமல் நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். சாய்ந்தால் மேல்பரப்பின் இளஞ்சேறு கலங்கிவிடும், கடைசி நூறு இருநூறு ஆண்டுகள் போய்விடும். மேலே ஒரு விரற்கடை பழுப்பு நிறம், அதற்குக் கீழே பாசிச் சாம்பல் நிறம், அடியில் கறுப்பு. கறுப்புச் சேற்றில் அழுகிய முட்டை நாற்றம் இருக்கும். படகுக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது நல்ல செய்தி. அடியில் ஆக்சிஜன் குறைவு, புழு பூச்சி துளைத்துக் கலைக்காத அடுக்கு கிடைக்கும் என்று பொருள்.

பு.கா. 11 எடுத்தது 18 பாகம் ஆழத்தில். அதன் அடிமுனையில், மூடி போடும்போதே கண்ணில் பட்டது: கறுத்த இலைமக்கும் அதில் பதிந்திருந்த கழிமுக நத்தைகளின் ஓடுகளும். கழிமுகத்துச் சேற்றில் வாழும் நத்தைக்கு 18 பாகம் ஆழத்தில் என்ன வேலை? ஒரு காலத்தில் அங்கே கழிமுகம் இருந்திருக்க வேண்டும். அந்த ஓடுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்ப அன்று எங்களிடம் பணம் இல்லை. இருக்கட்டும், பிறகு செய்யலாம் என்று மூடி வைத்தோம். 25 ஆண்டுகள் அந்தப் "பிறகு"க்காகக் காத்திருந்த குழாய் அது.

ஏன் தூக்கிப் போட்டார்கள் என்பதை அலுவலகத்தில் உட்கார்ந்து விசாரித்தேன். விடை மிக எளிது. இருப்புப் பதிவேட்டில் அந்தச் சேறு இல்லை. குழாய் வாங்கியதற்குப் பற்றுச்சீட்டு உண்டு, ஆகவே குழாய்க்குப் பதிவு உண்டு. இரும்பு அடுக்குக்கு உண்டு. ஓடாத குளிர்சாதனப் பெட்டிக்குக்கூட ஒரு வரி உண்டு. அதைக் கண்டம் செய்ய, அதாவது கழிவென ஒதுக்க, குழு போட்டு, மூன்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சேற்றை நாங்கள் விலை கொடுத்து வாங்கவில்லை. கடலிலிருந்து எடுத்தோம். விலை இல்லாததால் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் அதைக் கண்டம் செய்யக்கூட யாரும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை. விதியை மீறியவர் என்று ஒருவரையும் சொல்ல முடியாது.

நான்கரை ஆண்டுகள் இதை மனத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் அதை வெளியே கொண்டுவந்தன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய்ப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வடிந்த பிறகு வீட்டுக்குள் இரண்டு விரல் கனத்துக்கு வண்டல். அதை முறத்தால் வாரிக்கொண்டே பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "டீச்சர், இப்படி ஒரு வெள்ளம் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை வரும்?"

தொலைக்காட்சியிலும் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். நூறாண்டுக்கு ஒருமுறை என்றார் ஒருவர், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்றார் இன்னொருவர். எதை வைத்துச் சொல்கிறார்கள்? இந்திய வானிலைத் துறை தொடங்கியதே 1875-ல். மும்பைத் துறைமுகத்தில் கடல்மட்டத்தை அளக்கத் தொடங்கியது 1878-ல். 150 ஆண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு ஆயிரம் ஆண்டைப் பற்றிப் பேசுவது, ஒரு மாதச் சம்பளச் சீட்டை வைத்து ஒருவரின் வாழ்நாள் வருமானத்தைச் சொல்வதற்குச் சமம். ஆற்றின் பெருவெள்ளங்களுக்கு வேறொரு குறிப்பேடு உண்டு. வெள்ளம் கொண்டுபோன பருமணலும் இலைத் துணுக்கும் முகத்துவாரத்துக்கு எதிரே கடலடியில் ஒரு அடுக்காகப் படிகின்றன; அதன்மேல் சாதாரண ஆண்டுகளின் மென்சேறு மூடுகிறது. எல்லா வெள்ளமும் அப்படிப் பதிவாகாது. புழுக்கள் துளைக்கும், அலை கலக்கும், இழுவலை கீறும். ஆனாலும் பதிவானவற்றை எண்ணலாம், காலம் கணிக்கலாம். அக்காவின் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் புன்னைக்காயலுக்கு எதிரே உள்ள கடலடிதான். அந்த இடத்துச் சேறு 25 ஆண்டுகள் எங்கள் அறையில் கிடந்து, இப்போது வேப்பமரங்களின் அடியில் இருக்கிறது.

சேறு எப்படிப் பேசும் என்று நம்பிக்கையில்லாமல் கேட்பவர்கள் உண்டு. செய்முறையைச் சொல்கிறேன். குழாயை நெடுக்கில் இரண்டாகப் பிளப்போம். ஒரு பாதியைத் தொடவே கூடாது, அது எதிர்காலத்துக்கு. மறு பாதியிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வில்லையாக வெட்டி, தலைமுடி கனத்துக்கும் சிறிய கண்ணுள்ள சல்லடையில் போட்டுத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவோம். சேறு ஓடிப்போகும். சல்லடையில் வெண்மணல் போல ஏதோ மிஞ்சும். அடுப்பில் காயவைத்து உருப்பெருக்கியின் கீழ் பார்த்தால் அது மணல் இல்லை. அத்தனையும் ஓடுகள். ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச் செல் உயிரிகள் கட்டிய சுண்ணாம்பு வீடுகள். ஒன்று சுருண்ட சங்கு போல, ஒன்று மூன்று பலூன்களைச் சேர்த்துக் கட்டியது போல. கசகசாவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். முப்பூஜ்ய எண் தூரிகையின் நுனியை எச்சில் ஈரத்தில் நனைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்துக் கறுப்பு அட்டையின் கட்டங்களில் வைக்க வேண்டும். மின்விசிறி போடக் கூடாது. பெருமூச்சு விட்டால் ஒரு நாள் வேலை பறந்துவிடும். என் இருபதுகளும் முப்பதுகளும் அந்தக் கட்டங்களில்தான் கழிந்தன. இன்னொரு முறை கேட்டாலும் அதே வேலையைத்தான் கேட்பேன்.

அந்த ஓட்டில் இருக்கும் ஆக்சிஜன், உயிரி வாழ்ந்த நாளின் கடல்நீரிலிருந்து வந்தது. ஆக்சிஜனில் எடை குறைந்தது ஒன்று, 16. கனத்தது ஒன்று, 18. ஏறத்தாழ 500-க்கு ஒன்றுதான் கனத்தது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை உப்பளத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். பாத்தியில் நிற்கும் நீரில் வெயில் முதலில் தூக்கிக்கொண்டு போவது எடை குறைந்ததை. மிஞ்சுவது கனக்கும். உலகக் கடலையே ஒரு பாத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். பனியுகத்தில் கடலிலிருந்து ஆவியான லேசான நீர் கனடாவிலும் வட ஐரோப்பாவிலும் பனியாக விழுந்து, கிலோமீட்டர் கணக்கில் கட்டியாகி, திரும்பவே இல்லை. கடல் தாழ்ந்தது, கனத்தது. அந்தக் கனம் ஓடுகளில் பதிந்தது. வித்தியாசம் மிகச் சிறிது, ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்குக்கு 120 மீட்டர் கடல்மட்டம் என்று கணக்கு.

ஆயிரத்தில் ஒன்றில் தவறு எளிதாக நுழையும். வெப்பநிலை மாறினாலும் ஓட்டின் கணக்கு மாறும். மழை கூடினாலும் மாறும். இந்தச் சிக்கலிலிருந்து ஒரு வழியைத் திறந்தது செங்கடல். எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இதைவிட அழகான யோசனை இல்லை.

செங்கடலுக்குத் தெற்கே ஒரே வாசல்தான்: பாப் அல் மந்தப். அரபு மொழியில் கண்ணீர் வாசல் என்று பொருள். வாசற்படியின் மிகத் தாழ்ந்த இடம் இன்று 137 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. செங்கடலில் வந்து விழும் ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, மழையும் இல்லை, வெயில் மட்டும் உண்டு. இந்து மகா சமுத்திரத்து நீர் அந்த வாசல் வழியாக வந்துகொண்டே இருப்பதால்தான் அது கடலாக இருக்கிறது. பனியுகத்தில் உலகக் கடல் 120 மீட்டர் தாழ்ந்தபோது வாசற்படிக்கு மேலே ஏறத்தாழ 17 மீட்டர் தண்ணீர்தான் மிஞ்சியது. வரத்து சுருங்கியது, வெயில் சுருங்கவில்லை. செங்கடல் உப்பளப் பாத்தியைப் போல ஆகத் தொடங்கியது. மேல்நீரில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா அங்கே பிழைக்க முடியாமல் போயின. அந்தக் காலச் சேற்று அடுக்கில் அவற்றின் ஓடுகளே அனேகமாக இல்லை. பெருங்கடலில் ஆயிரத்தில் ஒன்றாக இருந்த வித்தியாசம் செங்கடலில் பல மடங்கு பெரிதாகத் தெரிகிறது. வாசலில் எவ்வளவு நீர் இருந்தால் உள்ளே இவ்வளவு கனம் சேரும் என்று கணக்குப் போட்டு, சிடல், ரோலிங் முதலானோர் 2003-ல் கடல்மட்ட வரலாற்றையே வரைந்து காட்டினார்கள். வாசற்படியின் அளவும் சேறும் கையில் இருந்தன. கடலின் ஏற்ற இறக்கம் வெளியே வந்தது.

இனி 120 மீட்டர் என்றால் நமக்கு என்ன என்று பார்ப்போம். பாகக் கணக்கில் 66. பாக் நீரிணையின் பெரும்பகுதி 7 பாகம்கூடத் தேறாது. ஆக, 20,000 ஆண்டுகளுக்கு முன் இலங்கை தனித் தீவாக இல்லை. கன்னியாகுமரிக்குத் தெற்கே நம் மீனவர்கள் இன்று தூண்டில் போடும் வெட்ஜ் பேங்க் திட்டின் பெரும்பகுதி அன்று காலால் நடக்கக்கூடிய தரை. கடல் எடுத்துக்கொண்ட நிலத்தைப் பற்றி நம் பழைய உரைகாரர்கள் எழுதியதை முழுப் பொய் என்று தள்ளுபவர்களும், அதை வைத்து ஒரு கண்டத்தையே கட்டுபவர்களும் ஒருமுறை இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நிலம் போனது உண்மை. போனது கடற்கரைச் சமவெளி, கண்டம் இல்லை. திட்டு முடிந்தால் தரை ஆயிரக்கணக்கான மீட்டர் சரிகிறது, அங்கே எந்தப் பனியுகத்திலும் நிலம் கிடையாது. இதைச் சொன்னதற்காக ஒரு கூட்டத்தில் என்னைத் தமிழுக்கு எதிரி என்றார்கள். சேற்றில் இருப்பதைச் சொல்வதைவிட என் மொழிக்கு நான் செய்யக்கூடிய மரியாதை வேறு இல்லை.

அந்தக் கடல் ஏறிய விதமும் படிவுகளில் பதிவாகியிருக்கிறது. ஒரே சீராக ஏறவில்லை. சுமார் 14,500 ஆண்டுகளுக்கு முன் 500 ஆண்டுகளுக்குள் 12 முதல் 20 மீட்டர் வரை ஏறியிருக்கிறது. ஒரு தலைமுறை காலத்தில் முக்கால் மீட்டர். நம்மைப் போன்ற தட்டையான கரையில், கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவுள்ள இடத்தில், தாத்தா குடிசை போட்ட இடத்தில் பேரன் வலை போட்டிருப்பான். சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைய மட்டத்துக்கு அருகே வந்து நின்றது. அதற்குப் பின் ஆறு தன் வேலையைக் காட்டியது. பாண்டியர் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கரையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. தாமிரபரணியின் வண்டல் கடலைத் தள்ளிவிட்டது.

இப்போது மீண்டும் ஏறுகிறது. 2006 முதல் 2018 வரை உலக சராசரி ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். சிறிய எண்தான். ஆனால் இதற்கு முன் பூமி இன்றைய அளவுக்குச் சூடாக இருந்த காலம், சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முன். அன்று கடல் இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் வரை உயர்ந்து நின்றது. இதைச் சொல்ல எந்த அளவுகோலும் அன்று இல்லை. பவளப் பாறையும் சேறும்தான் சொல்கின்றன.

சேற்றைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் அடம் பிடிப்பதற்கு இன்னொரு காரணம் இந்தத் துறையின் வரலாறு. அமெரிக்காவின் லமான்ட் ஆய்வகத்தை நடத்திய மாரிஸ் யூயிங், தன் வேமா கப்பல் எங்கே போனாலும், காரணம் இருக்கிறதோ இல்லையோ, நாளுக்கு ஒரு குழாய் சேறு எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டிருந்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம் சொல்ல அவரிடம் அன்று முழு விடை இல்லை. எடுத்தார், எண் போட்டார், அடுக்கினார். 1976-ல் ஹேய்ஸ், இம்ப்ரீ, ஷாக்கிள்டன் மூவரும் பனியுகங்கள் ஏன் வந்துபோகின்றன என்பதை நிறுவினார்கள். பூமியின் பாதையும் சாய்வும் மாறும் தாளம், 1,00,000, 41,000, 23,000 ஆண்டுகளின் தாளம், சேற்றில் அப்படியே இருந்தது. அதற்காக அவர்கள் புதிதாகக் கப்பல் ஏறவில்லை. வெவ்வேறு கப்பல்கள் முன்பே எடுத்து அடுக்கில் வைத்திருந்த இரண்டு குழாய்கள் போதுமாயிருந்தன. அந்த இரண்டும் தென் இந்து மகா சமுத்திரத்துச் சேறு. நம் கடலின் தென்கோடி.

சிந்துவெளியைப் பற்றிய ஒரு முக்கியமான தகவலும் இப்படி வந்ததுதான். கராச்சிக்கு அப்பால் 1990களில் எடுத்த ஒரு குழாயின் ஓடுகளை ஆராய்ந்து, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன் சிந்து நதியின் நீர்வரத்து குறைந்ததை 2003-ல் வெளியிட்டார்கள். ஹரப்பா நகரங்கள் தேயத் தொடங்கிய காலம் அது.

வங்கக் கடல் சேறும் பேசும் நாள் வந்தது. 2014 நவம்பர் இறுதியில் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளைக்கப்பல் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு இரண்டு மாதம் வங்கக் கடலிலும் அந்தமான் கடலிலும் துளையிட்டது. ஒடிசா கரைக்கு அப்பால் 1,430 மீட்டர் ஆழத்தில் எடுத்த சேற்றிலிருந்து, ஸ்டீவன் கிளெமென்ஸ் தலைமையிலான குழு கடந்த 9 லட்சம் ஆண்டுகளின் தென்மேற்குப் பருவமழை வரலாற்றை 2021-ல் எழுதியது. காற்றில் கரியமில வாயு கூடிய காலங்களில், பனி சுருங்கிய காலங்களில், மழை கூடியிருக்கிறது. கணினி மாதிரிகள் வருங்காலத்தைப் பற்றிச் சொல்வதும் அதையே. மாதிரியை நம்பாதவர்கள்கூடச் சேற்றை மறுக்க முடியாது.

அந்த வங்கக் கடல் சேறு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? கொச்சியில். நம் கொச்சி இல்லை, ஜப்பானில் அதே பெயருள்ள ஊர். நான் அதைக் குறை சொல்லவில்லை. அங்கே 4 டிகிரி குளிரில், எண் போட்டு, ஈரம் காயாமல், எந்த நாட்டு மாணவி கேட்டாலும் அறிவியல் காரணத்தைப் பார்த்துத் துண்டு வெட்டிக் கொடுக்கிறார்கள். குறை நம்முடையது. பெரிய தேசிய நிறுவனங்கள் தம் கப்பல்கள் எடுத்ததைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. என் கவலை, கிழக்குக் கரை நெடுக உள்ள கல்லூரிகளிலும் பல்கலைக்கழகத் துறைகளிலும் முப்பது, நாற்பது ஆண்டுகளாக ஆய்வு மாணவர்கள் தம் கைக்காசில் படகு பிடித்து எடுத்துவந்த சேறு. முனைவர் பட்டம் கிடைத்ததும் குழாய் அனாதையாகிவிடுகிறது. வழிகாட்டி ஓய்வு பெற்றால் அறையும் போய்விடுகிறது.

திரும்பப் போய் எடுத்தால் போயிற்று என்பார்கள். சில இடங்களில் முடியாது. புன்னைக்காயலுக்கு எதிரே 1994-ல் இருந்த அடித்தரையை 30 ஆண்டு இழுவலை உழுதுவிட்டது. துறைமுகத்துக்குத் தூர்வாரிய இடங்களும் உண்டு. ஆழ்கடலுக்கோ கப்பலே குறைந்துவிட்டது. 1985 முதல் உலகக் கடல்களைத் துளைத்த ஜாய்டஸ் ரெசல்யூஷனுக்கு அமெரிக்க அரசு நிதியை நிறுத்தியதால் 2024-ல் அதன் அறிவியல் பயணங்கள் முடிந்துபோயின. சீனா மெங் ஷியாங் என்ற புதுக் கப்பலை அதே ஆண்டு நவம்பரில் பணியில் இறக்கியிருக்கிறது. நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. ஏற்கெனவே கரையேறிய ஒவ்வொரு குழாயும் இன்று முன்னைவிட மதிப்புள்ளது.

கருவிகளும் மாறிவிட்டன. 1994-ல் எங்களுக்குக் கைநிறைய ஓடு தேவைப்பட்ட காலக்கணிப்பை இன்று சில மில்லிகிராமில் செய்கிறார்கள். சேற்றை வெட்டாமலே ஊடுகதிர் பாய்ச்சி, மில்லிமீட்டருக்கு ஒரு முறை இரும்பு எவ்வளவு, டைட்டேனியம் எவ்வளவு என்று எடுக்கிறார்கள். ஆற்று மண் வந்த நாட்கள் கோடு கோடாகத் தெரியும். இலைகளின் மெழுகிலிருந்து மழையைக் கணிக்கிறார்கள். இதில் எதையும் நான் மாணவியாக இருந்தபோது நினைத்துப் பார்த்ததில்லை. தொடாமல் வைத்த அந்தப் பாதி இதற்காகத்தான்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. கரையோர மாவட்டம் ஒன்றில் ஒரு குளிர் அறை. ஐஸ் கட்டவும் மீன் பதப்படுத்தவும் தூத்துக்குடியில் எத்தனையோ குளிர் அறைகள் ஓடுகின்றன. அதே தொழில்நுட்பம், அதே மின்சாரம். உறையவைக்கக் கூடாது, காயவிடக் கூடாது, 4 டிகிரி போதும். ஒரு பட்டியல்: எடுத்த இடம், ஆழம், தேதி, எடுத்தவர், எவ்வளவு மிச்சம். அதைக் கணினியில் எல்லோருக்கும் திறந்து வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு அரசாணை: கடலிலிருந்தும் ஏரியிலிருந்தும் எடுத்த படிவுக் குழாய்களை இருப்புப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், விலைப் பத்தியில் பூஜ்யம் போட்டாலும் சரி, வரி இருக்க வேண்டும். வரி இருந்தால் தூக்கிப் போட யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிப்பார்.

துறைத் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தக் கோடையில் பின்கட்டு அறையைச் சுத்தம் செய்யும்போது, இரண்டு பக்கமும் மூடி போட்டு, டேப் சுற்றிய பிளாஸ்டிக் குழாய் ஏதாவது கண்ணில் பட்டால், அதன் மேல் ஓர் அம்புக்குறியும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஈரத்துணி சுற்றி, பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, குளிர்பெட்டியில் மீன் வைப்பது போல வையுங்கள். எடுத்தவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து ஒரு போன் போடுங்கள். அவரிடம் இடமும் ஆழமும் எழுதிய நோட்டு இன்னும் இருக்கும். என்னிடம் இருக்கிறது.